குளோரி கடை ஸ்டாப்பு

பாரிமுனையில் ஊர்ப்பெயரை முழுசாகச் சொன்னால்
பின்னால் நிற்கிறவன் ஆளைத் தூக்கிவிடுவான்.
ராய்ரம் தண்டேர்பேட்டை டோல்கேட் தேரடி
ஒரே மூச்சு. ஒரே ஊர்.

ராயபுரத்தில் இராயப்பர்.
அவர் கையில் மோட்சத்துச் சாவி,
என் கையில் ஷேர் ஆட்டோ சாவி.
தொண்டியிலிருந்து வந்த யாரோ தங்கியதால்
தண்டையார்பேட்டை என்பார்கள்.
தொண்டி எந்தப் பக்கம் என்று
வண்டியில் எட்டுப் பேருக்கும் தெரியாது.
வந்தார், தங்கினார்.
ஒரு பேட்டைக்கு அது போதும்.

டோல்கேட்டில் டோலும் இல்லை கேட்டும் இல்லை.
ஆனாலும் அங்கே வந்ததும்
எல்லார் கையும் தானாகச் சில்லறை தேடும்.

ஒற்றியூரில் ஒற்றி என்றால் அடமானம்.
இந்த வண்டியும் அப்படித்தான்,
மாசம் ஆறாயிரத்து நானூறு.
வரி கேட்டு ராஜா எழுதிய ஓலையில்
வரிக்கும் வரிக்கும் நடுவே
'ஒற்றியூர் நீங்கலாக' என்று
யாருக்கும் தெரியாமல் சாமியே நுழைத்ததாம்.
மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளை
நானும் அப்படித்தான் நுழைக்கிறேன்.

டோல்கேட்டுக்கும் தேரடிக்கும் நடுவில்
எந்தப் பலகையிலும் இல்லாத ஒரு ஸ்டாப்பு,
குளோரி கடை.
விடிகாலை ஐந்துக்கு இட்லி, வடகறி,
கடன் சொன்னால் ஒரு முறைப்பு.
மெட்ரோ தூண் வந்தது, கடை போனது.
"குளோரி கட எறக்கு" மட்டும் போகவில்லை.
அந்த வடகறியைத் தின்னாத பிள்ளைகளும் சொல்கிறார்கள்.
மேப்பில் அப்படி ஒரு இடமே இல்லை என்று
டி.எச். ரோடு முழுக்கச் சண்டை போட்ட ஒருத்தன்
கடைசியில் அங்கேதான் இறங்கினான்.

போன செவ்வாய், மழை விட்ட நேரம்,
ஸ்டான்லி வாசலில் ஒரு பொம்பளை ஏறினார்.
மடியில் மாத்திரைக் கவர்.
எங்கம்மா என்றேன்.
கொஞ்சம் யோசித்து
"குளோரி கட" என்றார்,
வேறு யார் பெயரையோ சொல்வது போல.

இறங்கித் தூணை அண்ணாந்து பார்த்தார்.
அதன் நம்பரை, நனைந்த போஸ்டரை.
காசு நீட்டிய கையில் மணிக்கட்டுக்கு மேலே
வடகறி அண்டா சுட்ட தழும்பு.
அந்தத் தழும்பு எனக்குத் தெரியும்.

"கட எங்கக்கா?" என்றான்
பின் சீட்டில் ஒரு புதுப் பையன்.
"கடயா? அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா.
எடத்துக்குப் பேரு அப்டி."

காசை வாங்கிக்கொண்டேன்.
வாங்காமல் விட்டிருக்கலாம்.
பாக்கி ஐந்து ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டுதான்
அவரும் போனார்.

அடுத்த ட்ரிப்பு, பாரிமுனை.
ராய்ரம் தண்டேர்பேட்டை டோல்கேட்
தேரடிக்கு முன்னால்,
யாருக்கும் தெரியாமல்,
குளோரி கட.

ஒருத்தன் உடனே ஏறினான்.