பாத்திக்கு ஒரு சொம்பு

பள்ளிப்பட்டிலிருந்து நகரி போகும் சாலையோரம்
கங்குலம்மாவின் ஒன்றரை ஏக்கர்.
பன்னிரண்டு பாத்தி பிரித்து, கயிறு இழுத்து,
தகர அட்டையில் எண் எழுதி நட்டேன்.
இரண்டு, ஏழு, பதினொன்று:
இந்த மூன்றுக்கும் யூரியா கிடையாது,
ஒரு குருணைகூட.
இவற்றைக் கழித்தால்தான் தெரியும்
மற்றவை போட்டதில் எவ்வளவு தின்றன என்று.

கரும்பு அவர் வாயில் செருக்கு.
தெலுங்குப் பேர்தான்.
என் காதுக்குக் கர்வம்.

நாலாம் மாதம் ஏழாம் பாத்தியில்
எந்தச் செருக்கும் இல்லை.
அடியிலை வெளுத்து, நுனி கருகி,
பக்கத்துப் பாத்திக்கு இடுப்பளவே நின்றது.
வரப்பிலிருந்து கேட்டார்:
"பந்தியில உக்கார வெச்சிட்டு
ஒருத்தனுக்கு மட்டும் எலை போடாம விடுவியா?"
ஆய்வு என்றேன். நஷ்டஈடு உண்டு,
கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றேன்.
"போட்டேன்தான்."

ஆறாம் மாதம்
மேலிருந்து மூன்றாம் இலை பறித்து
நடுநரம்பு உரித்து, உலர்த்தி, பொடித்து,
அமிலத்தில் கொதிக்கவிட்டேன்.
வடித்த பச்சைக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட
சட்டென்று ரோஜா நிறம் திரும்பும்.
அதுவரை மூச்சுப் பிடித்து நிற்பது
எனக்கு வந்துவிட்ட வியாதி.
ஏழாம் குடுவை திரும்பவில்லை.
ஐந்து மில்லி. ஆறு. ஆறேகால்.
பட்டினி கிடந்த இலையில் இத்தனை தழைச்சத்து ஏது?
குடுவை கழுவி மறுபடி செய்தேன்.
இரண்டும் அப்படியே. பதினொன்றும்.

நான் கேட்கவில்லை.
மோட்டார் கொட்டகையில் சேற்றுக்காலைக் கழுவிக்கொண்டே
அவராகச் சொன்னார்:
"பாத்திக்கு ஒரு சொம்பு.
ராத்திரி கரண்டு வந்தப்போ, தண்ணியோட."
மூன்றுக்குமா?
"ஏழுக்கு மட்டும் போட்டா
மத்த ரெண்டும் பாத்துக்கிட்டு இருக்காதா?"

ஒரு வருஷம் போச்சு என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவர், குரல் இறக்கி,
"நான் போட்டதுல எவ்ளோ உள்ள போச்சு?
கெணத்துல எவ்ளோ, காத்துல எவ்ளோ?"

நான் ஊர் ஊராகச் சுமந்து திரியும் கேள்வி,
அதே வரிசையில்.

தெரியாது என்றேன்.
கழிக்க வேண்டிய இடத்தில்
நீங்கள் கூட்டிவிட்டீர்கள்.

கொஞ்ச நேரம் யோசித்தார்.
"பச்சை திரும்பிச்சில்ல" என்று
மோட்டாரை நிறுத்தப் போனார்.

பதிவேட்டில் மூன்று வரி அடித்தேன்.
காரணம் என்ற கட்டம்
கட்டைவிரல் அகலம்தான்.
சொம்பு என்று எழுதினேன்.
அளவு தெரியாததால்
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.