நாற்பத்தொன்றாம் தொட்டி

இரவு பதினொன்று. முழங்காலுக்கு மேல் தண்ணீர்.
கரையில் ஷிகேமிட்சு
ஒரு கையில் டார்ச், வாயில் பாதிச் சோற்றுருண்டை.
பொந்துக்குள் கேமராவை மட்டும் விடுகிறேன்.
கையை விட்டவர்களுக்கு
விரல் கணக்கில் குறைந்திருக்கிறது.

முதலில் கல் தெரிகிறது.
பிறகு அந்தக் கல்லுக்கு வாய் இருப்பது தெரிகிறது.

சாலமாண்டர். இரண்டு முழத்துக்கு மேல்.
இமையில்லாத கண், கடுகளவு.
விலாவில் மடிப்பு மடிப்பாய்த் தோல்,
அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்ட தம்பிபோல்.
அந்தத் தோல்தான் மூச்சு வாங்குகிறது
ஓடுகிற தண்ணீரிலிருந்து நேராக.
பிடித்தால் வெள்ளைப் பால் கசியும்,
மலைமிளகு வாசனை.
கையுறையிலிருந்து அது போக மூன்று நாள்.
அதுவரை என் மகள்
நான் போட்ட சோற்றைத் தொடமாட்டாள்.

கியோத்தோவுக்கு வடக்கே இந்த மியோகா ஆற்றோரம்
இதற்கொரு பழைய பெயர் உண்டு:
பாதியாய்க் கிழித்தாலும் சாகாதது.
யாரோ ஒருவர்
கிழித்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஆற்றில் ஏழு தடுப்பணை.
கட்டியது என் அலுவலகம், நான் பிறப்பதற்கு முன்.
கல்லுக்குள் தேரைக்குப் படியளப்பவன்
சிமெண்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.
நான்காவது அணையின் அடியில்
மூன்று பருவமாக ஒரே பெண்.
ஏறி ஏறி விழுந்து
மூக்கு நுனி தேய்ந்து ரோஜா நிறம்.
அணையின் உயரம் எண்பது சென்டிமீட்டர்.
எனக்கு அது ஒரு படி.
போன மே மாதம் கல்லும் சாக்கும் அடுக்கிச்
சரிவு கட்டினோம்.
செலவு என் பழைய காரின் விலைகூட இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பொந்தைப் பற்றி.

உள்ளே முட்டைகள்,
அறுந்து குவிந்த ஜெபமாலைபோல்.
ஐநூறு இருக்கும்.
ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு காற்புள்ளி.
அவன் வாலால் விசிறுகிறான்.
நிறுத்துகிறான். விசிறுகிறான்.
பூஞ்சை பூத்ததை மட்டும் வாயால் பொறுக்கித் தின்கிறான்,
பக்கத்து முட்டைக்குத் தொற்றாமல்.
அப்பன் என்று எழுதப் படிவத்தில் இடமில்லை.
'பொந்தின் தலைவன்' என்று ஒரு கட்டம் உண்டு.
டிக் போட்டேன்.
பஞ்சால் தோலைத் துடைத்து
உறையிலிட்டு அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது.
கலப்பு.

ஐம்பது வருடத்துக்கு முன்
யாருடைய சாப்பாட்டு மேசைக்கோ
சீனத்திலிருந்து வந்திறங்கி
எப்படியோ ஆற்றில் சேர்ந்த ஒன்றின் பேரன்.
அந்த இனம் தன் சொந்த ஆறுகளில்
கிட்டத்தட்ட இல்லை.
இங்கே பிழைத்தது. அதுதான் குற்றம்.

எடுக்க வேண்டும். முட்டைகளையும்.
விட்டுவைத்தால்
என் மகள் என் வயதுக்கு வரும்போது
இந்த ஆற்றில் இந்த ஆற்றின் பிராணி இருக்காது.
இது எனக்குத் தெரியும்.
அறிக்கையில் நானே எழுதியிருக்கிறேன்,
அடிக்குறிப்போடு.
வாளியைப் பிடித்தபோது ஷிகேமிட்சு
வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

பழைய மீன்பண்ணைக் கொட்டகை. நீலத் தொட்டிகள்.
நாற்பத்தொன்றில் ஒரு பிவிசி குழாய் போட்டோம்.
உடனே நுழைந்துகொண்டான்.
மூன்றாம் நாள் தண்ணீர் மாற்றப் போனேன்.
குழாய் வாயில் தலை.
உள்ளே இருட்டில்
வால் அசைந்துகொண்டிருந்தது.
நிறுத்தினான். விசிறினான்.
எதற்கும் இல்லை. வெறும் தண்ணீருக்கு.

இன்னும் நாற்பது, ஐம்பது வருடம் இருப்பான்.
எனக்கு நாற்பத்தாறு.
அந்தக் கணக்கைப் போட்டு முடிக்கவில்லை.

நேற்றிரவு மறுபடி போனோம்.
பொந்து காலி. ஒரு நண்டு.
மேலே நடந்தோம்.
நான்காவது அணை தாண்டி, சரிவு தாண்டி,
நாணல் வேரடியில் கருவி கூவியது.
பதினைந்து இலக்கம்.
ஷிகேமிட்சு இரண்டு முறை வாசித்தான்.
ரோஜா மூக்குக்காரி.

அளந்தோம். எடை போட்டோம். விட்டோம்.
அவசரமே இல்லாமல்
மறுபடி ஒரு கல்லாகிப் போனாள்.

வண்டியில் ஹீட்டரைப் போட்டதும்
கையுறையிலிருந்து மிளகு எழுந்தது.
ஆற்றின் வாசனையா, தொட்டியின் வாசனையா
பிரித்துச் சொல்லத்
தெரியவில்லை என் மூக்குக்கு.
ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினேன்.