முன்மேல் ஓரம்

பகாவ் பழைய சந்தைக்குப் பின்னால்
மோட்டார் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில்
எங்கள் எந்திரம் இருக்கிறது.
ஆலை ஓடும் நாட்களில்
செம்பனை அவியும் வாடை
குளிரூட்டியைத் தாண்டி உள்ளே வரும்.
வந்து படுப்பவர்களுக்கு அது தெரிவதில்லை,
அவர்கள் சட்டையிலும் அதேதான்.

மாசிலாமணி த/பெ இருசப்பன், நாற்பத்தாறு.
வலது தோள்.
பாரத்தில் தோட்டத்துக் கிளினிக்கின் கிறுக்கல்:
கிழிசல்?
அந்தக் கேள்விக்குறியை
அவரிடம் யாரும் படித்துக் காட்டவில்லை.
இரண்டு மாதமாக சொக்சோ பணத்தை
அந்த ஒரு சொல்லில் மாட்டி வைத்திருக்கிறார்.

மூட்டுக்குள் சாயநீர் ஏற்றியாயிற்று.
"கையத் தூக்கி, தலைக்கு அடியில வைங்க.
நாலு நிமிசம். ஆடக்கூடாது."
சிரித்தார்.
"குலை வெட்டுறப்ப இப்படித்தாங்க நிப்போம்.
இப்பப் படுத்துக்கிட்டு வெட்டுறேன்."

தோளைக் கிண்ணம் என்று யார் சொன்னது?
கோப்பிக்கடைத் தட்டில் வைத்த எலுமிச்சை அது.
உருண்டு விழாதிருக்கச் சுற்றிலும் ஒரு மெல்லிய விளிம்பு,
முன்னால் மூன்று நார்.
மேல் நார், சிலரிடம் நூல் கனம்தான்.
கீழ் நார் தூளி; கை உயர்ந்தால்
எலும்பின் தலையை ஏந்திக்கொள்ளும்.
நடு நார் மட்டும் எந்தப் புத்தகத்துக்கும் அடங்காது.
ஒருவருக்குப் பட்டை, ஒருவருக்கு இழை,
ஒருவருக்கு அந்த இடத்தில் சாயநீரின் வெள்ளை மட்டும்.
எந்திரம் வந்திறங்கிய வாரம்
சோதனைக்கு என்னைத்தான் படுக்கவைத்தார்கள்.
எனக்கு நடு நார் கிடையாது.
அந்தத் தோளில்தான் இன்றைக்கும் பை மாட்டுகிறேன்.

அவருடைய பதினோராவது வெட்டு.
முன்மேல் ஓரத்தில் விளிம்பைக் காணோம்.
எலும்பு மொட்டையாக நிற்க
சாயநீர் இடுக்கில் புகுந்திருக்கிறது.
முதல் வருசத்தில் நானும்
கிழிசல் என்றுதான் சொல்லியிருப்பேன்.
பன்னிரண்டு, பதின்மூன்று என்று இறங்கினேன்.
இல்லாத விளிம்புக்குப் பக்கத்தில்
மாட்டுக் கயிற்றின் தடிப்பில்
கறுப்பாக, உருண்டையாக நடு நார்.
ஓரம் வழவழப்பு. பிய்ந்த இழை இல்லை.
இன்னும் கீழே போனால்
விளிம்பு திரும்பத் தொடங்கி
ஒன்றும் நடக்காததுபோல் வளைந்து போகிறது.

அறுந்ததில்லை இது.
அம்மா வயிற்றிலேயே இப்படி.
தெரியாமல் யாராவது இழுத்து எலும்போடு தைத்தால்
கை வெளிப்பக்கம் திரும்பாது,
அப்புறம் எந்த மரத்துக்கும் உயராது.

செரம்பானில் படம் படிக்கும்
டாக்டர் நூர் ஹிடாயாவைக் கூப்பிட்டேன்.
"கயிறு மாதிரி இருக்கே, அதுதானே?
இயல்பான வேறுபாடு என்று எழுதுகிறேன்."
இயல்பு.
அந்தச் சொல்லுக்குப் பணம் தர
பாரத்தில் கட்டம் கிடையாது.

"டாக்டர், மேலே,
எலும்புக் கூரைக்கு அடியில்
தசை நுனி வீங்கியிருக்கிறது..."
சொல்லும் இடத்தில் நான் இல்லை,
சொல்லிவிட்டேன்.
கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம்.
"முதல் வரியே அதுதான், மிஸ்.
நீங்கள் நடு நாரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்."

அவர் இடது கையால் பித்தான் போட்டபடி வந்தார்.
"கிழிஞ்சிருக்குங்களா?"
ஆமாம் என்று சொல்லேன் என்பதுபோல் கேட்டார்.
"டாக்டர்தான் சொல்லணும்."
எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம்,
அன்று தொண்டையில் தடுக்கியது.

படம் பதிந்த வட்டை உறையிலிட்டுக் கொடுத்தேன்.
வெளியே எடுத்தார்.
குழல்விளக்குக்கு நேராகப் பிடித்து
நடுவிலிருந்த துளையின் வழியே பார்த்தார்.
"இந்த ஓட்டை இருக்க வேண்டியதுதானே?"

ஆமாம் என்றேன்.
அதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருந்தது.