ஆய்வறிக்கையில் இல்லாதவை, கோத்தகிரி, 1943

இன்ஸ்பெக்டர் அமிர்தகடேசன் சொல்லச் சொல்ல
எழுதியவன் நான். மூன்றாம் நிலை கிளார்க்கு.
கரிவாயு பஸ் மூச்சு வாங்கிய வளைவுகளில் எல்லாம்
அவருக்குக் குமட்டியதை எழுதவில்லை.

பள்ளி: பழைய உருளைக்கிழங்குக் கிடங்கு.
கரும்பலகை இல்லை. மணி இல்லை.
பிரம்பு இல்லை என்பதை மட்டும்
இரண்டு முறை எழுதச் சொன்னார்.
நாற்காலிகள் உண்டு, இருபத்தொன்று,
ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம்.
பெரியவர்கள் உட்கார வேறெதுவும் கிடையாது.
உட்கார்ந்தார்.
முழங்கால்கள் காதோரம் வந்து நின்றன.
பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. நான்தான் குனிந்து
விழாத பேனாவைத் தேடினேன்.

"ஏழெட்டு எத்தனை?"
பெள்ளன் என்ற பையன் எழுந்து
வெளியே போய்விட்டான்.
கேட்காமலா? கேட்காமல்தான்.
மூடுபனியில் தலை மட்டும் மிதந்து போயிற்று.
"வருவான்" என்றார் ஹெட்விக் டீச்சர்,
அரிசியில் கல் கடிபடும் தமிழில்.
கால் மணி நேரம்.
(பத்தி ஆறு: வீண்.)
சேற்றுக் காலோடு வந்தான்.
"அம்பத்தாறு சார். ஆனா ரெண்டு முட்டைக்கோசைப்
பன்னி தின்னிருச்சு. அம்பத்துநாலு."
இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

எங்கே கற்றீர்கள் இதையெல்லாம் என்றார்.
வியன்னா. ஆலைத் தொழிலாளர் குடியிருப்பின் நடுவே
ஒரு பள்ளி. வகுப்புக்குள் மண்புழு வரலாம்.
ஒன்றாம் வகுப்புக்கும் ரம்பம் கொடுப்போம்.
வெள்ளிக்கிழமை பிள்ளைகளே கூடி வழக்குத் தீர்ப்பார்கள்,
ஒருமுறை என்மீதும்; தோற்றேன்.
பதினோரு வருஷம்.
பிறகு ஒரு மார்ச் மாதம் பூட்ஸ்காரர்கள் வந்தார்கள்.
யாரையும் அடிக்கவில்லை, அன்றைக்கு.
பெஞ்சுகளை வரிசையாய்ப் போட்டுத்
தரையோடு ஆணி அறைந்தார்கள்.

இங்கே சனிக்கிழமைதோறும்
போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறவர்,
எதிரி நாட்டுப் பிரஜை.

சுவரில் ஒரு போட்டோ. முன்பல் விழுந்த மாதி
அதில் விரலை வைத்து ஒவ்வொருவராய் எண்ணிவிட்டு,
"இவங்கல்லாம் இப்ப எங்க டீச்சர்?"

எந்தக் கேள்வியையும் தள்ளக் கூடாது என்பது
அந்தப் பள்ளியில் விதி (பத்தி ஒன்பது).
டீச்சர் வாயைத் திறந்தார்.
எந்த மொழியிலும் சொல் வரவில்லை.
எழுந்து,
யாரையும் கேட்காமல்,
வெளியே போனார்.

ஒருவரும் கூப்பிடவில்லை.
களிமண் பிசைந்தவர்கள் பிசைந்தார்கள்.
கைக்கடிகாரத்தைப் பார்த்த இன்ஸ்பெக்டரிடம்
"வருவாங்க" என்றாள் மாதி.

மூன்றேகாலுக்குக் கடைசி பஸ்.
கிளம்பிவிட்டோம்.

மானியம்: பரிசீலனையில், என்று எழுதச் சொன்னார்.
அரவேணு தாண்டியதும், கர்ச்சீப்பால் வாயைப் பொத்தியபடி,
"அம்பத்துநாலுதான்யா சரி" என்றார்.
எழுதட்டுமா என்றேன்.
பஸ் திரும்பியது.