சாடி திறக்கும் இடம்

மூன்றாம் ரீல் மானாமதுரையிலேயே எரிந்துபோயிற்று.
ஆகையால் கப்பல் கிளம்பிய கையோடு
தீவு வந்துவிடும்.
நடுவிலுள்ள பதினோரு மாதப் புயலை
ஒரே மூச்சில் வாயால் கடத்துவேன்,
காரைக்குடிச் சந்தைப்பேட்டைக் கொட்டகையில்
தகரக் குழாயை உதட்டில் வைத்து.

திரைக்கு முன்னால் இரண்டணா,
பின்னால் ஓரணா.
ஆட்டத்துக்கு ஆட்டம் துணியை நனைக்கிறோம்,
படம் ஊறிப் பின்பக்கம் இறங்க.
அந்தப் பக்கம் நாயகன் இடக்கையால் வாள் வீசுவான்,
இங்கிலீஷ் அட்டைகள் வலமிருந்து இடம் ஓடும்.
யாரும் புகார் சொன்னதில்லை.

இந்தக் கதை எனக்கு முன்பே தெரியும்.
மௌல்மீனில் பெட்டியடிப் பையனாக இருந்தபோது
ஒரு கப்பல்காரன் கடிகாரத்தோடு சேர்த்து
அடகு வைத்துவிட்டு மீட்க வராத புத்தகம்.
கடிகாரத்தை மேலாள் எடுத்துக்கொண்டார்.
அகராதியும் லாந்தருமாக
இரண்டு மழைக்காலம் படித்தேன்.

புத்தகத்தில் அவன் வாளைத் தொடுவதே இல்லை.
கப்பலில் கணக்கெழுதுகிறவன்,
மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் குருடு.
மூழ்கியவர்களின் குரல்களைச்
சாடிகளில் அடைத்து வைத்திருக்கும் தீவுக்கு
தம்பியின் குரலைத் தேடிப் போகிறான்.
பெண்ணென்று ஒருத்தி கதையிலேயே கிடையாது.

ஆலிவுட்டார் கண்ணாடியைக் கழற்றி
வாளைக் கொடுத்தார்கள்.
சுருட்டை முடியில் ஒருத்தியைச் சேர்த்தார்கள்.
அவளைத் தூக்கிக்கொண்டு போக
யானைப் பருமனில் ஓர் உடும்பு.
நான் குறை சொல்லவில்லை. உடும்பு நன்றாக நடிக்கிறது.
கோட்டையூரிலிருந்து அதற்காகவே
நான்காம் முறை வண்டி கட்டி வந்தவர்கள் உண்டு.

ஆனால் சாடி திறக்கும் இடம்.

ஊமைப் படத்தில் குரலை எப்படிக் காட்டுவது?
எவனோ ஒரு டைரக்டர், பாவம்,
ராத்திரியெல்லாம் புரண்டிருப்பான்.
மூடி நகர்கிறது: வெள்ளைப் புறா.
பிறகு மூன்று. பிறகு இருபது.
பிறகு ஓர் அட்டை:
‘அண்ணா, அன்புக்கு அழிவில்லை.’

ஏழு நாள் அதைத்தான் சொன்னேன், தொண்டை கமற.
எட்டாம் நாள் பின்பக்கம் முழுக்கப் பெண்கள்.
பாதிப் பேரின் ஆம்பிளைகள் பினாங்கில்,
மீதிப் பேருக்கு பர்மாவில்.
புறாக்கள் பறந்துகொண்டிருக்கும்போதே
ஈரத் துணிக்கு அப்பாலிருந்து ஒரு குரல்:
“சாடிக்குள்ள இருந்தவுக என்ன சொன்னாக?”

அட்டை வர இன்னும் நான்கு விநாடி.
குழாயை இறக்கிவிட்டு வெறும் வாயால் சொன்னேன்:
“கதவைச் சாத்துண்ணே. சாரல் அடிக்குது.”

யாரும் அழவில்லை.
யாரோ சிரித்தார்கள், சின்னதாக.
ஒருத்தி எழுந்து
கொட்டகைப் படுதாவை விலக்கி வானத்தைப் பார்த்தாள்.
புரட்டாசி. நட்சத்திரம்தான் இருந்தது.
“அப்புறம்?” என்றது அதே குரல். “சாத்துனாகளா?”

திரையில் அதற்குள் உடும்பு வந்துவிட்டது.
அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
“சாத்துனாக” என்றேன்.

முதலாளி வயிரவன் செட்டியார்
எட்டணாவைப் பிடித்துக்கொண்டார்.
“அட்டையில இல்லாததைப் பேச
உமக்கு என்ன பாத்தியதை?”
“புத்தகத்தில் இருக்கிறது” என்றேன்.
அவர் படிக்கமாட்டார் என்ற தைரியம்.

புத்தகத்தில் தம்பி சொல்வது
மூடுபனியைப் பற்றி, ஒரு விளக்கைப் பற்றி.
பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டு.
இந்த வெக்கையில் மூடுபனியை
யாருக்கு நான் விளக்குவது?
கதவு நான் வைத்தது. சாரலும்தான்.
அந்தப் புறாக்காரனை எங்காவது பார்த்தால்
இனி நான் வாயைத் திறக்க முடியாது.

நாளை தேவகோட்டை.
துணியைப் பிழிகிறோம், ஆளுக்கொரு முனையாக.
சொட்டுகிற தண்ணீரில் நின்றபடி
அடுத்த ஊர்த் தம்பிக்கு
என்ன வாக்கியம் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன்.