ஊசித் துளை

நாலாவது தடவையாக வந்து நிற்கிறது வண்டி.
ஆறு சக்கரம், நீலக் கேபின்,
ஐஸ் உருகி ஒழுகிய மீன் பெட்டிகளின் வாசம்.
இருதயராஜ் சாவியைத் திருப்பிக் காட்டுகிறார்.
"இப்பப் பாரு, எரியாது."
எரிந்தால் தேவலை என்ற முகம்.

விடிகாலை மூணரைக்கு எரியுமாம்.
முதுநகர் துறைமுகத்தில் லோடு ஏற்றி
பச்சையாங்குப்பம் தாண்டுவதற்குள்
மஞ்சள் விளக்கு விழித்து, இழுவை செத்து,
சிதம்பரம் ரோட்டில் சைக்கிள்கூட முந்துமாம்.
பத்து மணி வெயிலில் தானாக அணையுமாம்.
டாக்டர் வாசலில் காய்ச்சல் விட்டுப்போகிற குழந்தை மாதிரி
என் பட்டறைக்கு வந்தால் அதற்கு ஒன்றுமே இல்லை.

ஸ்கேனர் சொல்வது ஒரே வரி:
ரெயில் பிரஷர் சென்சார், வோல்டேஜ் கம்மி.
முதல் தடவை சென்சாரை மாற்றினேன்.
நாலாயிரத்து இருநூறு. பதினோரு நாள் ஓடியது.
அடுத்து சாக்கெட். பழையதன் பின்னில் பாசிப் பச்சை.
இதுதான் என்று கிரீஸ் அப்பி
சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன்.
ஐப்பசியின் முதல் மழை வரை ஓடியது.
மூன்றாம் தடவை, டீ குடித்தபடி
இரண்டு பேருமாக உப்பனாற்றுக் காற்றைத் திட்டினோம்.
இந்த ஊரில் உப்பு எதைத்தான் விட்டுவைத்தது,
ஜன்னல் கம்பி, கதவுக் கீல், என் இடுக்கியின் மூக்கு.
உப்பின் மேல் பழி போடுவது சுலபம்.
அது மறுத்துப் பேசாது.

இந்தத் தடவை அவர் திட்டவில்லை.
அதனால்தான்
ராத்திரி வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றேன்.

பதினொன்றுக்கு மழை பிடித்தது.
நெற்றியில் டார்ச் கட்டி, கேபினைத் தூக்கி நிறுத்தினேன்.
சாக்கெட் காய்ந்திருந்தது. கிரீஸ் வைத்தது வைத்தபடி.
ஆனால் மீட்டரில், ஐந்து நிற்க வேண்டிய இடத்தில்,
மூன்று புள்ளி எட்டு.
மூன்று புள்ளி ஆறு.
சாக்கெட்டுக்கு ஒரு சாண் முன்னால் கம்பியை வெட்டினேன்.
தோல் புதிசு மாதிரி வழவழப்பு.
உள்ளே செம்பு கருத்திருந்தது.
நுனியில் ஒரு சொட்டு,
பிழியாமலே வந்தது.

வாசல் வழியாக வரவில்லை தண்ணீர்.
செம்பு இழைகளின் நடுவே
திரியில் எண்ணெய் ஊறுகிறாற்போல
எங்கிருந்தோ நடந்து வந்திருக்கிறது.
கருப்பைத் தொடர்ந்து சாண் சாணாக மேலே போனேன்.
இரண்டரை அடியில், டேப்பைப் பிரித்தால்,
ஒரு துளை.
எறும்பின் காலுக்கும் போதாது.
பக்கத்துக் கம்பியில் இன்னொன்று.
அதற்கும் பக்கத்தில் இன்னொன்று.
அவசரமே இல்லாத ஒரு கை
வரிசையாகக் குத்திக்கொண்டு போயிருக்கிறது.

டெஸ்ட் விளக்கின் ஊசி.
போன சித்திரையில் ஹார்ன் அடிக்கவில்லை என்று வந்தார்.
எதில் கரண்ட் என்று பார்க்க
ஒவ்வொன்றாகக் குத்தியவன் நான்.
ஐந்து நிமிஷ வேலை.
காசுகூட வாங்கவில்லை.

அவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு
பழைய டயர் அடுக்கின் மேல் தூங்குகிறார்.
மூன்று கம்பியும் புதிசாக இழுத்தேன்.
ஈயம் வைத்து, குழாய் மாட்டி, சூடு காட்டிச் சுருக்கினேன்.
துளை விழுந்த துண்டைச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
பிறகு வெளியே எடுத்து பெஞ்சில் வைத்தேன்.

மூணரைக்குச் சாவி. விளக்கு எரிந்து, முறையாக அணைந்தது.
"என்னதான் இருந்துச்சு?"
"கம்பிக்குள்ள தண்ணி போயிருக்கு."
"எப்பிடிப் போச்சு?"
தகரத்தில் மழை கொட்டுகிறது.
பதில் கேட்காத அளவுக்குப் பலமாக இல்லை.
"நான் குத்துன ஓட்டைங்க" என்றேன்.

கியரில் கை வைத்தபடி கணக்குப் போட்டார்.
"அப்ப நீ கழட்டுன சென்சாரு, நல்ல சென்சாரா?"
அலமாரியில் தேடி எடுத்துக் கொடுத்தேன்.
லுங்கி முனையால் துடைத்தார், முகர்ந்தும் பார்த்தார்.
"ஸ்பேருக்கு ஆவும்."
டேஷ்போர்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து
வைப்பரைப் போட்டார்.