பசை காயாத தோரணம்

ஈசூன், பன்னிரண்டாம் மாடி.
சாப்பாட்டு மேசையில் ஒரு நூல் கிடக்கிறது
மூன்று வாரமாக.

விதி ஒன்றுதான்:
கடந்து போகிறவர்
ஒரு மாவிலை ஒட்டிவிட்டுப் போகவேண்டும்.
மாவிலை என்றால் காகிதம்தான்.
நோன்புப் பெருநாளில் மிஞ்சியதென்று
எதிர்வீட்டு ரோஹானா தந்த பச்சை உறைகள்,
அது தீர்ந்ததும்
எழுதி முடித்த தேர்வின் பயிற்சித்தாள்,
பச்சை சாயம் பூசி.

விடியுமுன் நாலு மணிக்கு
முதல் பேருந்தை எடுக்கப் போகிறவர்
ஒட்டுவதெல்லாம் கோணல்.
இரவுப் பணி முடிந்து நான் நுழையும்போது
இழையினி பள்ளிக்குப் போயிருப்பாள்.
கோந்தைக் கொட்டித்தான் ஒட்டுவாள்.
விரல் வைத்துப் பார்ப்பேன்,
இன்னும் ஈரம்.
அவள் கன்னத்தைத் தொட்டதுபோல்
கொஞ்சம் பிசுக்கு.

வெள்ளி இரவு முகாமிலிருந்து மகிழ்நன்.
குளிக்காமல்கூட
ஏழு இலை ஒட்டுவான்,
வாரக் கடனாம்.

ஓர் இலையில் மட்டும் எண்ணெய்க் கறை.
அது நான். முறுக்குக் கை.

தீபாவளிக்கு முந்தின இரவு
அதிசயமாய் நால்வரும் வீட்டில்.
நாற்காலிமேல் ஏறிப் பிடித்தால்
வாசலுக்கு ஒரு சாண் குறைகிறது.

யார் ஏய்த்தது என்று சண்டை.
எண்ணி எண்ணிப் பார்க்கிறாள் இழையினி,
நாலு பேர் கையும் அவளுக்குத் தெரியும்.
அதற்குள் அடுப்பில்
ஓர் ஈடு முறுக்கு கருகிப்போனது.

அவர் ஒன்றும் பேசவில்லை.
கழுத்தில் தொங்கிய வேலை அட்டையைக் கழற்றி,
கயிற்றை மட்டும் உருவி
தோரணத்தின் நுனியில் முடிந்தார்.
சரியாக இருந்தது.

நாளைக்கு லீவு கிடைத்துவிட்டது என்று
அப்புறம்தான் சொன்னார்.